ஒயிலை 5,000 கிலோமீற்றரில் மாற்றுவதா, 15,000 வரை விடலாமா?

கொக்குவிலிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவரிடம் 2014 டொயோட்டா அக்வா இருக்கிறது, பெற்றோல் எஞ்சினும் மின் மோட்டரும் சேர்ந்த ஹைபிரிட் கார். கராஜில் 5,000 கிலோமீற்றருக்கு ஒருக்கால் ஒயில் மாற்றச் சொல்கிறார்களாம். ஜப்பான் புத்தகத்தில் 15,000 என்று போட்டிருக்கிறதாம். ஜேர்மனியில் இருக்கும் அண்ணா 30,000 வரைக்கும் ஓடலாம் என்கிறாராம். இதற்கிடையில் பக்கத்து வீட்டுக்காரரின் கார், ஒயில் மாற்றி 9,000 கூட ஓடவில்லை, எஞ்சின் இறுகிவிட்டது. "யார் சொல்வதை அண்ணை நம்புவது?" என்று கேட்கிறார்.

தம்பி, மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் நீங்கள் ஓடுகிற ஓட்டத்துக்குக் கராஜ்காரர் சொன்ன கணக்குத்தான் சரி.

அண்ணா சொல்லும் 30,000, வொக்ஸ்வாகன் போன்ற கம்பனிகளின் நீண்ட இடைவெளி முறை. அதற்கென்று அங்கீகரித்த ஒயில்தான் ஊற்ற வேண்டும், இரண்டு வருடத்துக்கு மேல் போகவும் கூடாது. நெடுஞ்சாலையில் ஒரே சீராக நீண்ட தூரம் ஓடும் எஞ்சினுக்கு அது தாங்கும். அதைக் கொண்டுவந்து இங்கே வைத்துப் பார்க்க வேண்டாம்.

உங்கள் புத்தகத்துக்கு வருவோம். டொயோட்டாவின் ஜப்பான் கணக்கில் டேர்போ இல்லாத பெற்றோல் எஞ்சினுக்கு 15,000 கிலோமீற்றர் அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. கடுமையான ஓட்டம் என்றால் 7,500 அல்லது ஆறு மாதம் என்றும் அதிலேயே இருக்கிறது. புத்தகம் ஜப்பான் மொழியில் இருப்பதால் பெரிய இலக்கம் மட்டும் வாய்வழியாகப் பரவிவிட்டது. கடுமையான ஓட்டம் என்றதும் மலையேறுவதை நினைப்பீர்கள். ஒரு தடவைக்கு எட்டுக் கிலோமீற்றருக்குள் அடிக்கடி ஓடுவது, நின்ற இடத்தில் எஞ்சினை ஓட விடுவது, புழுதி, கரடுமுரடான வீதி எல்லாமே அதற்குள் வரும். கொக்குவிலிலிருந்து ரவுணுக்கு எவ்வளவு தூரம்? ஒரு நாலு, ஐந்து கிலோமீற்றர். காலையில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டு, திருநெல்வேலிச் சந்தைக்குப் போய், பின்னேரம் ரியூசன் வாசலில் ஏசியைப் போட்டுக்கொண்டு அரை மணித்தியாலம் நிற்பீர்கள். யாழ்ப்பாணத்தில் அநேகமான கார்கள் இப்படித்தான் ஓடுகின்றன.

சின்ன ஓட்டத்தில் ஒயில் நன்றாகச் சூடாவதில்லை. எஞ்சினுக்குள் படியும் ஈரமும், எரியாமல் கீழே இறங்கும் பெற்றோலும் ஆவியாகிப் போக அந்தச் சூடு வேண்டும். ஹைபிரிட்டில் எஞ்சின் நின்று நின்று ஓடுவதால் சூடாவது இன்னும் தாமதம். ஒயில் ஊற்றும் மூடியைக் கழற்றி உள்பக்கம் பாருங்கள். பால்தேநீர் நிறத்தில் ஏதாவது ஒட்டியிருந்தால் அது தண்ணீர் கலந்த ஒயில். சின்ன ஓட்டத்தால் அது வரலாம், ஆனால் ரேடியேற்றர் தண்ணீரும் குறைகிறது என்றால் உடனே கராஜில் காட்டுங்கள்.

சரி, பக்கத்து வீட்டு எஞ்சின் ஏன் இறுகியது? திறந்து பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஆனால் இப்படி வரும் எஞ்சின்களில் நான் அதிகம் காண்பது ஒன்று. சிலிண்டருக்குள் ஏறி இறங்கும் பிஸ்டனில் மேலே இரண்டு ரிங் (வளையம்), அவற்றுக்குக் கீழே ஒயில் ரிங். அது சிலிண்டர் சுவரில் இருக்கும் ஒயிலை வழித்தெடுக்கும். வழித்த ஒயில் அதன் பின்னால் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளால் திரும்பக் கீழே போகும். எரிபொருள் மிச்சம் பிடிப்பதற்காக இந்தக் காலத்து எஞ்சின்களில் ரிங்கின் இறுக்கத்தைக் குறைத்திருக்கிறார்கள். ஒயிலும் மெல்லியது, அளவும் குறைவு. உங்கள் அக்வாவுக்கு பில்டரோடு சேர்த்து 3.7 லீற்றர்தான். பழைய ஒயில் கருகி அந்தத் துளைகளை அடைத்தால் ரிங் ஒட்டிக்கொள்ளும். பிறகு ஒயில் மேலே ஏறிப் பெற்றோலோடு எரியத் தொடங்கும். புகை கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்றுகூட இல்லை. மட்டம் இறங்க இறங்க மிஞ்சிய ஒயிலுக்குச் சூடு கூடும், அது இன்னும் வேகமாகக் கருகும். இப்படியே போய் ஒருநாள் ஏ9 வீதியில் கொழும்புக்குப் போகும் வழியில் எஞ்சின் நின்றுவிடும்.

இதில் எனக்கு மிகவும் கவலையான விடயம், ஒருவரும் டிப்ஸ்டிக்கை, அதாவது ஒயில் மட்டம் பார்க்கும் கம்பியை, இழுத்துப் பார்ப்பதில்லை. "சிவப்பு லைற் எரியவில்லையே அண்ணை" என்கிறார்கள். தயவுசெய்து கேளுங்கள், அந்த ஒயில் கான் படம் போட்ட சிவப்பு லைற் மட்டத்தைக் காட்டுவது இல்லை. அழுத்தம் விழுந்த பிறகுதான் அது எரியும். ஓடும்போது எரிந்தால் அடுத்த கராஜ் வரைக்கும் போய்ப் பார்ப்போம் என்று நினைக்கக்கூடாது. ஓரம் கட்டி எஞ்சினை நிறுத்துங்கள்.

இரண்டு கிழமைக்கு ஒருமுறை காரைச் சமதரையில் விட்டு, எஞ்சினை நிறுத்திச் சில நிமிடம் பொறுத்துப் பாருங்கள். டிப்ஸ்டிக்கை இழுத்துத் துடைத்து, திரும்ப முழுவதும் விட்டு எடுக்க வேண்டும். இரண்டு அடையாளத்துக்கும் நடுவில் நின்றால் பயமில்லை. கறுத்துவிட்டது என்று பதற வேண்டாம், அழுக்கைப் பிடித்தால் ஒயில் கறுக்கத்தான் செய்யும். மட்டம் ஏறியிருந்து பெற்றோல் மணமும் அடித்தால்தான் கவனிக்க வேண்டும்.

அப்போ, புத்தகத்தின் 7,500 ஐயும் கொஞ்சம் குறைத்து நான் சொல்லும் கணக்கு இதுதான் தம்பி: 5,000 அல்லது ஆறு மாதம், எது முதலில் வருகிறதோ அது. ஒவ்வொரு முறையும் பில்டரும் சேர்த்து. கொழும்பு ஓட்டமே அதிகம் என்றால் 7,500 வரை விடலாம். வெளிநாட்டில் இருந்து ஆட்கள் நல்லூர்த் திருவிழாவுக்கு வரும்போது மட்டும் எடுக்கும் கார் என்றாலும் வருடத்துக்கு ஒருமுறையாவது மாற்றுங்கள், 1,000 கூட ஓடியிராவிட்டாலும்.

ஒயில் குடிக்கிறது என்று 20டபிள்யூ-50 என்ற தடித்த ஒயிலை ஊற்றச் சொன்னால் சம்மதிக்காதீர்கள். 0டபிள்யூ-20 என்ற மெல்லிய ஒயிலுக்குச் செய்த எஞ்சினின் ஒடுக்கமான வழிகளில் அந்தத் தடித்த ஒயில் போய்ச் சேர நேரம் எடுக்கும். ரிங்கை அது திருத்தவும் மாட்டாது. நெடுநாள் மாற்றாமல் விட்ட எஞ்சினுக்கு ஃப்ளஷ் (உள்ளே கழுவும் திரவம்) போடுவதும் எனக்கு விருப்பமில்லை. கழன்ற கசடு கீழே இருக்கும் ஒயில் வலையில் போய் அடைத்தால் பம்ப்புக்கு ஒயில் வராது. அதற்குப் பதிலாக அடுத்த இரண்டு மாற்றத்தையும் தலா 2,000 கிலோமீற்றருக்குள் செய்யுங்கள், கசடு மெல்ல மெல்லக் கரைந்து வரட்டும்.

பக்கத்து வீட்டுக்காரரிடம் ஒன்று சொல்லுங்கள். வேறு எஞ்சின் வாங்கமுதல் எஞ்சினுக்கு அடியில் ஒயில் நிற்கும் சம்பைக் கழற்றி ஒயில் வலையைத் தன் கண்ணால் பார்க்கட்டும். வாங்கப்போகிற எஞ்சினிலும் அதே இடத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லட்டும்.