ஒரு வீசம் செய்த வேலை: புத்தாண்டில் ஒட்டுப் போர்வைக்கு முதற்பாடம்

வணக்கம் உறவுகளே. ஆங்கிலப் புத்தாண்டு பிறந்த பின்னர் நான் பதிவு செய்யும் முதலாவது காணொளி இது. வாழ்த்துச் சொல்வதற்கு முன்னர் நான் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கிறது. உங்களிடம் அல்ல, எனக்குப் பின்னால் நிற்கின்ற இந்தத் தையல் மெஷினிடம்.

கார்த்திகை மாதக் காணொளியைப் பார்த்தவர்களுக்கு நினைவிருக்கும். நீலமும் வெள்ளையுமாக நான் தைத்த போர்வையில், ஒன்பது துண்டுகளை இணைத்த சதுரமும் ஒற்றைத் துணிச் சதுரமும் சந்திக்கும் இடமெல்லாம் பொரித்த அப்பளம் போல உப்பிக்கொண்டு நின்றன. மெஷின் துணியைச் சமமாக இழுக்கவில்லை என்றும், துணியை நகர்த்துகிற பல் தேய்ந்துவிட்டது என்றும், அம்மாயி காலத்து மெஷினை இனிப் பழைய இரும்புக்குத்தான் போட வேண்டும் என்றும் பதினொரு நிமிடம் வசை பாடியிருந்தேன். அதற்குப் பின்னர் தலவாக்கலையிலிருந்து மெஷின் திருத்தும் பாஸ் ஒருவரை வீட்டுக்கு அழைத்தேன். அவர் எண்ணெய் விட்டு, மேல் நூலின் இறுக்கத்தைச் சரிபார்த்து, நான்கு வரி தைத்துக் காட்டிவிட்டு, “மகள், மெஷினில் ஒரு பிழையும் இல்லை” என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்கு 1,500 ரூபா வாங்கினார். அன்று முழுவதும் எனக்கு அவர் மீது கோபம். இன்று காலையில்தான் அந்த 1,500 ரூபாவுக்கு முழுப் பெறுமதியையும் அவர் தந்துவிட்டுப் போயிருக்கிறார் என்பது விளங்கியது.

குற்றவாளி ஒரு வீசம். நம் பழைய கணக்கில் பதினாறில் ஒரு பங்கை வீசம் என்பார்கள். ஓர் அங்குலத்தின் வீசம்தான் என் போர்வையைக் கெடுத்திருக்கிறது.

ஒட்டுப் போர்வை தைப்பவர்கள் உலகமெங்கும் பெரும்பாலும் விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே தள்ளித் தைப்பதை வழக்கமாகக் கொண்டிருக்கிறார்கள். எல்லா அளவுகளும் அந்தக் கால் அங்குலத்தை நம்பித்தான் போடப்படுகின்றன. இரண்டரை அங்குலச் சதுரமாகத் துணியை வெட்டி, மூன்றை வரிசையாக இணைத்தால், ஆறரை அங்குலம் வர வேண்டும். நானோ துணியை அழுத்திப் பிடிக்கும் மெஷின் பாதத்தின் வலப்பக்க விளிம்பையே அடையாளமாக வைத்துத் தைத்து வந்தேன். அந்த விளிம்பு ஊசியிலிருந்து கால் அங்குலத்தில் இல்லை, காலும் வீசமும் தள்ளி இருக்கிறது. ஒரு தையலில் இரண்டு துணிகள் சேர்கின்றன அல்லவா? அதனால் ஒவ்வொரு தையலும் இரண்டு வீசத்தை, அதாவது அரைக்கால் அங்குலத்தைக் கூடுதலாக விழுங்கியது. மூன்று துண்டுகளுக்கு இரண்டு தையல்கள். ஆறரை அங்குலம் வர வேண்டிய சதுரம் ஆறே காலில் நின்றுவிட்டது. ஒற்றைத் துணிச் சதுரங்களை மட்டும் அளவு நாடாவைப் பிடித்து ஒழுங்காக ஆறரைக்கு வெட்டியிருந்தேன். ஆறே காலையும் ஆறரையையும் முனைக்கு முனை பொருத்துவதற்காக ஒன்றை இழுத்து மற்றதைச் சுருக்கித் தைத்தது என் கை. பழியை மட்டும் மெஷின் மேல் போட்டேன்.

இதைக் கண்டுபிடித்த விதத்தைச் சற்று விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள், ஏனென்றால் இந்த மாதத்தில் நான் பெற்ற வெற்றி இது ஒன்றுதான். சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கின்ற அக்காவின் மகன் தன்னுடைய வரைபுத்தாளை மேசையில் விட்டுப் போயிருந்தான். அதில் மில்லிமீற்றர் கட்டங்கள் இருப்பதைக் கண்டதும் ஒரு யோசனை வந்தது. தாளைப் பாதத்துக்குக் கீழே வைத்து, கையால் சக்கரத்தைச் சுற்றி, ஊசியின் நுனி ஒரு தடித்த கோட்டைக் குத்தும்படி இறக்கினேன். அங்கிருந்து வலப்பக்கம் கட்டங்களை எண்ணினால், பாதத்தின் விளிம்பு கிட்டத்தட்ட எட்டாவது மில்லிமீற்றரில் நிற்கிறது. கால் அங்குலம் என்பது 6.35 மில்லிமீற்றர். “சித்தி, அது நான் நாளைக்குக் கொடுக்க வேண்டிய கணக்கு!” என்று அவன் கத்திக்கொண்டு ஓடி வந்தபோது, தாளின் நடுவில் ஏற்கனவே ஊசித்துளை விழுந்துவிட்டது. அவனுக்கு ஒரு புதிய வரைபுக் கொப்பி வாங்கிக் கொடுக்கக் கடமைப்பட்டிருக்கிறேன்.

இதில் இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. கால் அங்குலம் என்றால் அச்சொட்டாகக் கால் அங்குலம் தைக்கக் கூடாது. தைத்த பின்னர் துணியை மடித்து அழுத்தும்போது அந்த மடிப்பின் தடிப்பே ஓரிரு நூலிழை அளவை எடுத்துக்கொள்ளும். ஆகவே கால் அங்குலத்துக்கு ஓர் இழை குறைவாகத் தைக்க வேண்டும். அந்தக் குறைவுக்கு வரைபுத்தாளின் ஆறாவது மில்லிமீற்றர்க் கோடு அளந்து வைத்தது போலப் பொருந்தியது. அந்தக் கோட்டில் இடது விளிம்பு பொருந்தும்படி ஓர் ஒட்டுநாடாவை மெஷினின் தளத்தில் ஒட்டி, துணியின் விளிம்பு அதை உரசிக்கொண்டு போகும்படி செய்தேன்.

சொல்வது எளிது. முதற்தடவை நான் நாடாவை நீளமாக, பல்லின் மேலேயே ஒட்டிவிட்டேன். பத்துத் தையல் போவதற்குள் பல் நாடாவைக் கடித்துக் குதறிவிட்டது. பசை முழுவதும் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டது. விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை முறித்து, மண்ணெண்ணெயில் தோய்த்து, அரை மணி நேரம் சுரண்டினேன். பாதத்துக்கு முன்னால், பல் தொடங்குவதற்கு முன்பாகவே நாடா முடிந்துவிட வேண்டும். ஒரு படலம் போதாது. ஐந்தாறு படலங்களை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டினால் சின்னஞ்சிறு மதில் போல நிற்கும். துணி அந்த மதிலில் சாய்ந்துகொண்டு தானாகவே நேராகப் போகும்.

சரி பார்ப்பதற்கு ஒரு சோதனை உண்டு. ஒன்றரை அங்குல அகலத்தில் மூன்று கீற்றுகளை வெட்டி, நீளவாக்கில் இணைத்து, அழுத்திய பின்னர் நடுக் கீற்றை மட்டும் அளந்து பாருங்கள். அது சரியாக ஓர் அங்குலம் இருக்க வேண்டும். என் பழைய முறையில் தைத்தது இதோ, அரைக்கால் அங்குலம் குறைவு. மதில் வைத்துத் தைத்தது இது. கமராவுக்கு அருகில் பிடிக்கிறேன், அடிமட்டத்தின் கோட்டைப் பாருங்கள். ஓர் அங்குலம். இதைத் தைத்து முடித்ததும் நான் எழுந்து நின்று கைதட்டினேன். அடுப்படியிலிருந்து அம்மா என்னவோ ஏதோ என்று எட்டிப் பார்த்தார்.

ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். அளப்பதற்கு அடிமட்டத்தை எடுங்கள், தையற்காரர்களின் துணி நாடாவை நம்பாதீர்கள். என்னிடம் இரண்டு நாடாக்கள் இருக்கின்றன. நேற்று இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் விரித்தபோது, பழைய நாடாவின் அறுபதாவது அங்குலம் புதியதை விட அரை அங்குலம் நீண்டிருந்தது. இத்தனை காலம் இழுபட்டு இழுபட்டு அது தளர்ந்துவிட்டது. அதை இனிமேல் பூசணிக்கொடி கட்டத்தான் வைத்திருக்கிறேன்.

துணி விடயத்திலும் எனக்கு எரிச்சல் இருக்கிறது. ஆடைத் தொழிற்சாலைகளில் மிஞ்சுகின்ற வெட்டுத்துணியைக் கிலோக் கணக்கில் விற்கிறார்கள் அல்லவா? நத்தாருக்கு முன்னர் ஒரு கடையில் கிலோ 600 ரூபா என்று ஒரு கிலோக் கட்டு வாங்கினேன். முழுவதும் பருத்தி என்று சத்தியம் பண்ணாத குறையாகச் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து ஒவ்வொரு துண்டின் ஓரத்திலும் ஓர் இழையை உருவிக் கொளுத்திப் பார்த்தேன். பருத்தி இழை கடதாசி எரியும் மணத்தோடு எரிந்து, தொட்டால் பொடியாகும் சாம்பலாகும். பொலியெஸ்டர் உருகிச் சுருண்டு கடுகு போல இறுகிவிடும். கடுகுகளை ஒரு பக்கமும் சாம்பல்களை ஒரு பக்கமும் பிரித்து, சமையல் தராசில் நிறுத்தேன். 350 கிராம் கடுகுப் பக்கம்! அப்படியென்றால் எனக்குப் பயன்படும் பருத்தி கிலோ 920 ரூபாவுக்கு மேல் விழுந்திருக்கிறது. அம்மா, “தலையணைக்குள்ளே அடைச்சிரு” என்றார். அடைத்தேன். ஆனாலும் எனக்கு ஆறவில்லை.

அந்தப் பருத்தியைத் தைப்பதற்கு முன்னர் கழுவினேன். சிவப்புத் துணி சாயம் விட்ட கதையை நீங்கள் அறிவீர்கள், அதை மீண்டும் கிளற விரும்பவில்லை.

அக்காவுக்கு இந்த அளவுப் பைத்தியம் பிடிக்கவில்லை. கைப்பேசியில் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்திலிருக்கும் கீஸ் பென்ட் என்ற ஊரின் போர்வைகளைக் காட்டினார். பருத்தித் தோட்டத்தில் அடிமைகளாக்கப்பட்டவர்களின் வழிவந்த பெண்கள், வேலைக்கு உடுத்துக் கிழிந்த ஆடைகளை வெட்டித் தைத்த போர்வைகள் அவை. 2002இல் ஹூஸ்டன் நகரின் நுண்கலை அருங்காட்சியகத்தில் காட்சிக்கு வைக்கப்பட்டன; 2006இல் அமெரிக்கத் தபால் சேவை அவற்றை முத்திரைகளாகவும் வெளியிட்டது. “பாரு, ஒரு கோடாவது நேரா இருக்கா? அதைத்தான் உலகமே கொண்டாடுது. நீ ஏன்டி ஒரு நூலுக்கு உசிரை விடுறே?” என்று கேட்டார். அந்தப் படங்களை நான் அரை மணி நேரம் உற்றுப் பார்த்தேன். அந்தக் கோடுகள் வளைந்திருக்கின்றன, ஆனால் துணி எங்கும் உப்பவில்லை. போர்வை தட்டையாகக் கிடக்கிறது. அவர்கள் வளைக்க நினைத்த இடத்தில் வளைத்திருக்கிறார்கள். என் கோடு நான் நேராக ஓட்ட நினைத்த இடத்தில் வளைகிறது. இரண்டும் ஒன்றல்ல என்று சொன்னதற்கு அக்கா பதில் பேசவில்லை.

ஆனால் அம்மா ஒன்று சொன்னார். அம்மாயி தோட்டத் தொழிலாளர் லயத்தில் விளக்கு வெளிச்சத்தில் தைத்த ஒட்டுப் போர்வைக்கு அடிமட்டமும் இல்லை, வரைபுத்தாளும் இல்லை. பழைய சேலைத் துண்டுகளுக்கு நடுவில் தோட்டத்தில் கொடுத்த கிழிந்த கம்பளியை வைத்து, சுண்டுவிரல் நகத்தின் அகலத்துக்குத் துணியை மடித்துக் கையாலேயே தைப்பாராம். பெட்டியிலிருந்து அந்தப் போர்வையை எடுத்து விரித்துப் பார்த்தேன். ஓர் இடத்திலும் உப்பல் இல்லை. யோசித்தால் காரணம் விளங்குகிறது. கால் அங்குலமோ நக அகலமோ, எல்லாத் தையலுக்கும் ஒரே விரல். வெட்டியதற்கும் அதே கை. நான்தான் ஒன்றைப் பாதத்தாலும் மற்றதை அளவு நாடாவாலும் அளந்தேன். ஆகவே உங்களிடம் வரைபுத்தாள் இல்லாவிட்டால், ஒன்பது துண்டுச் சதுரங்களை முதலில் தைத்து முடியுங்கள். அவை எந்த அளவில் வருகின்றனவோ, அந்த அளவுக்கே ஒற்றைத் துணிச் சதுரங்களைப் பின்னர் வெட்டுங்கள். கார்த்திகையில் இது எனக்குத் தெரிந்திருந்தால் 1,500 ரூபா மிஞ்சியிருக்கும்.

அழுத்துவதைப் பற்றி முன்னரே சொல்லியிருக்க வேண்டும். இஸ்திரிப்பெட்டியைத் தேய்க்கக் கூடாது, தூக்கித் தூக்கி வைக்க வேண்டும். தேய்த்தால் துணி கோணும். முதல் வரிசையின் தையல் விளிம்புகளை வலப்பக்கமும் அடுத்த வரிசையின் விளிம்புகளை இடப்பக்கமும் சாய்த்து அழுத்தினால், இரண்டு வரிசைகளையும் சேர்க்கும்போது விளிம்புகள் ஒன்றோடொன்று கொளுவிக்கொள்ளும். விரலால் தடவினாலே பூட்டு விழுந்தது தெரியும். நான் இன்னும் சிரட்டைக்கரி போடுகின்ற, சேவல் உருவக் கொளுக்கி வைத்த பித்தளைப் பெட்டியைத்தான் பயன்படுத்துகிறேன். நீராவி விடும் புதுப் பெட்டிகள் எனக்குப் பிடிக்காது, ஈரம் பட்டால் துணி இழுபடும். கரிப்பொறி வெள்ளைத் துணியில் விழும் என்று சொல்லாதீர்கள், இரண்டு தடவைகள்தான் விழுந்திருக்கிறது.

இந்த ஆண்டு என்ன தைக்கப் போகிறேன் என்றால், சித்திரைப் புத்தாண்டு வரையில் ஒன்பது துண்டுச் சதுரங்களைத் தவிர வேறொன்றையும் தொடுவதாக இல்லை. நட்சத்திரம், முக்கோணம் எதுவும் கிடையாது. முக்கோணத்தில் துணியை மூலைக்கு மூலை குறுக்காக வெட்ட வேண்டும், குறுக்கு வெட்டு ரப்பர் போல இழுபடும். நேர்வெட்டிலேயே தடுமாறுகிறவளுக்கு அது எதற்கு? சித்திரைக்குப் பின்னர் மேல்துணி, நடு அடுக்கு, அடித்துணி என்ற மூன்று அடுக்குகளையும் சேர்த்துக் கையால் ஓடுதையல் போடப் பழகுவேன். இப்போது எனக்கு ஓர் அங்குலத்துக்கு ஐந்து தையல் விழுகிறது. அடிப்பக்கத்தைத் திருப்பினால் மூன்று பெரியது, இரண்டு காணாமற்போனது. தையல் சிறியதாக வேண்டும் என்று இப்போதைக்கு ஆசைப்படவில்லை. ஐந்தும் ஒரே நீளத்தில், இரண்டு பக்கமும் தெரிந்தால் போதும்.

நடு அடுக்குக்குப் பழைய பருத்திப் போர்வையையே வைப்பேன். பொலியெஸ்டர் பஞ்சு சீக்கிரம் காயும் என்பது உண்மைதான். போன ஆனி மழையில் கழுவிய என் பருத்திப் போர்வை நான்கு நாட்களாகியும் காயாமல், கடைசியில் அடுப்புக்கு மேல் தொங்கி, ஒரு மாதம் புகை மணத்தது. இருந்தாலும் நுவரெலியாப் பக்கம் புல்லின் மேல் உறைபனி விழுகிற இந்தத் தை மாதக் குளிரில், பருத்தியின் கனம் உடம்பின் மேல் கிடப்பதற்கு ஈடாக வேறொன்றும் இல்லை.

இதோ, இந்த வரிசையை உங்கள் கண் முன்னாலேயே இணைத்துக் காட்டிவிடுகிறேன். துணியின் விளிம்பு மதிலை உரசிக்கொண்டு போகிறது, பாருங்கள். கையால் இழுக்கவில்லை, தள்ளவும் இல்லை. எவ்வளவு நேராகப் போகிறது! முடிந்தது. திருப்பிக் காட்டுகிறேன். அட, கீழ் நூலையே காணோமே! பொபினில் நூல் தீர்ந்து எவ்வளவு நேரமாயிற்றோ தெரியவில்லை, ஆறு அங்குலத்துக்கு வெறும் ஊசித்துளைகள்தான் இருக்கின்றன. ஆனால் துளைகளின் வரிசையைப் பாருங்கள், அடிமட்டத்தை வைக்கிறேன். ஆறு மில்லிமீற்றர், கடைசி வரையில். பொபினைச் சுற்றிவிட்டு இதே துளைகளின் மேல் மறுபடியும் தைக்கிறேன்.