பரிசா, விஷமா, கல்யாணமா? 'கிஃப்ட்' என்ற ஒரு சொல்

[திரையில்: மண்டையோட்டுக் குறி போட்ட பாட்டில். கீழே 'கிஃப்ட்' என்ற எழுத்து.]

ஜெர்மனியில் இப்படி ஒரு பாட்டிலைப் பார்த்தால் கையை எடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது விஷம். ஆங்கிலத்தில் அதே எழுத்துகள் பரிசைக் குறிக்கும் என்பது நமக்குத் தெரியும். ஸ்வீடனில் அதையே 'யிஃப்ட்' என்று உச்சரிப்பார்கள். அங்கே அதற்குக் 'கல்யாணம் ஆனவர்' என்று பொருள். விஷத்துக்கும் அங்கே அதே சொல், அதே உச்சரிப்புதான்! கணவன் மனைவி ஜோக்குகளை ஸ்வீடன்காரர்களே சொல்லித் தீர்த்திருப்பார்கள், நாம் விட்டுவிடலாம்.

[திரையில்: வட ஐரோப்பிய வரைபடம்.]

மூன்றுக்கும் வேர் ஒன்றுதான். இந்த மொழிகளுக்கெல்லாம் தாயான பழைய ஜெர்மானிய மொழியில் 'கொடு' என்ற வினையிலிருந்து பிறந்த 'கொடை'. கல்யாணம் இதில் எப்படி வந்தது என்று நமக்கு விளக்கவே வேண்டாம். "பெண்ணை எந்த ஊரில் கொடுத்திருக்கிறீர்கள்?" என்றுதானே நாமும் கேட்கிறோம்! பழைய ஆங்கிலத்தில் மாப்பிள்ளை வீட்டார் தரும் பரிசப் பணத்துக்கு இந்தப் பெயர். பன்மையில் சொன்னால் கல்யாணம். ஜெர்மனில் சீதனத்துக்கு இன்றும் 'மிட்கிஃப்ட்' என்றுதான் பெயர். விஷம் கலக்காத 'கிஃப்ட்' அது ஒன்றுதான்.

இன்னொரு வேடிக்கை. பழைய ஆங்கிலேயர்களும் 'யிஃப்ட்' என்றுதான் சொன்னார்கள். 'கி' ஒலி, டென்மார்க், நார்வே, ஸ்வீடன் பக்கமிருந்து கடல் தாண்டி வந்து இங்கிலாந்தில் குடியேறிய வைக்கிங்குகளின் மொழியிலிருந்து வந்தது. அப்புறம் ஸ்வீடனும் நார்வேயும் தங்கள் பங்குக்கு 'யி'க்கு மாறிக்கொண்டன. டென்மார்க் மட்டும் மாறவில்லை.

[திரையில்: பழைய மருந்துக் குப்பிகள்.]

சரி, விஷம் எங்கிருந்து வந்தது? கிரேக்கத்தில் 'டோசிஸ்' என்றால் கொடுத்தல். வைத்தியர்கள் அதை ஒரு வேளைக்குக் கொடுக்கும் மருந்துக்குப் பயன்படுத்தினார்கள். லத்தீனுக்கும் அது போனது. நாம் சொல்லும் 'டோஸ்' அதுதான். ஜெர்மானியர்கள் அதை அப்படியே மொழிபெயர்த்து 'கிஃப்ட்' ஆக்கினார்கள். விஷத்தை விஷம் என்று வாய்விட்டுச் சொல்லாமல் 'கொடுத்தது' என்று பூசி மெழுகுவதற்கும் அது வசதியாக இருந்தது. கொஞ்சம் கொஞ்சமாக அந்தப் பொருளே நிலைத்து, பரிசை வெளியே தள்ளிவிட்டது. டச்சுக்காரர்கள் சாமர்த்தியசாலிகள். கடைசியில் 'ட்' இருந்தால் பரிசு, இல்லாவிட்டால் விஷம் என்று பிரித்துக்கொண்டார்கள்.

[திரையில்: கோப்பையில் ஊற்றப்படும் ஒயின்.]

பரிசுக்கு ஜெர்மனில் இன்று 'கெஷெங்க்' என்பார்கள். அதன் வினையான 'ஷெங்கன்' முதலில் குடிக்க ஊற்றிக் கொடுப்பதைக் குறித்தது. டச்சில் இன்றும் அந்த வினைக்கு ஊற்றுதல், பரிசளித்தல் என்ற இரண்டு பொருளும் உண்டு.

லத்தீனிலோ கதை தலைகீழ். குடிப்பதற்கான பானத்துக்கு அங்கே 'போடியோ' என்று பெயர். அது பிரெஞ்சில் தேய்ந்து விஷமாகி, ஆங்கிலத்தில் 'பாய்சன்' ஆனது. மந்திரக் கதைகளில் வரும் 'போஷன்' கூட அதே லத்தீன் சொல்தான், பாய்சனின் உடன்பிறப்பு.