கடைசி வரிசைக்குக் கேட்கணும்

(காரைக்குடி அருகே ஒரு மகளிர் கல்லூரியில் முதலாமாண்டு மாணவியரிடம் பேசியதன் எழுத்து வடிவம்)

முதல்வர் அம்மா அவர்களுக்கும், பேராசிரியர்களுக்கும், வீட்டை விட்டு வந்து இரண்டு வாரம்கூட ஆகாத தங்கைகளுக்கும் வணக்கம்.

மைக்கை அணைத்துவிடச் சொல்லியிருக்கிறேன். பின்னால் இருக்கும் பிள்ளைகளுக்குக் கேட்கிறதா? கை தூக்குங்கள். சரி, நல்லது.

நான் கானாடுகாத்தான் பக்கத்துப் பெண். அங்கே ஒரு பெரிய செட்டிநாட்டு வீட்டில் என் அம்மா அடுப்படி வேலை பார்த்தார். அந்த வீடுகளின் அமைப்பு உங்களுக்குத் தெரியும். முன்வாசல் ஒரு தெருவில் இருக்கும், பின்வாசல் அடுத்த தெருவில் இருக்கும். நடுவில் முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி என்று போய்க்கொண்டே இருக்கும். நாங்கள் பின்வாசலில் நுழைந்து பின்வாசலில் திரும்புகிறவர்கள். பள்ளிக்கூடம் விட்டதும் நானும் அங்கேதான் இருப்பேன். "சத்தம் முகப்புக்குப் போகக் கூடாது" என்பார் அம்மா. அந்த வீட்டு ஆச்சி ஒருநாளும் அப்படிச் சொன்னதில்லை, பரீட்சைக்குப் பேனா வாங்கித் தந்தவர் அவர். ஆனாலும் அம்மாவுக்குப் பயம். அதனால் பதினேழு வயது வரை தொண்டைக்குள்ளேயே பேசிப் பழகினேன்.

அந்தக் குரலோடுதான் மதுரையில் ஒரு மகளிர் கல்லூரிக்குப் போனேன். தமிழ் இலக்கியம் முதன்மைப் பாடம், வாரத்துக்கு இரண்டு மணி நேரம் நாடகம். நாடகத்தை நான் கேட்டு வாங்கவில்லை. மற்ற வகுப்புகள் நிரம்பிவிட்டன, அவ்வளவுதான்.

முதல் வகுப்பு எனக்கு அப்படியே நினைவிருக்கிறது. எங்கள் ஆசிரியை அரங்கின் கடைசி வரிசையில் போய் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டார். ஒவ்வொருத்தியும் மேடையேறிப் பேரும் ஊரும் சொல்ல வேண்டும். நான் சொன்னேன். "வந்து சேரவில்லை" என்றார். மறுபடி சொன்னேன். "பேர் வந்தது, ஊர் வரவில்லை." கத்தினேன். "இப்போது சத்தம்தான் வருகிறது, நீ வரவில்லை." அன்றைக்கு என்னை அதோடு விட்டுவிட்டார். விடுதிக்குப் போய் அழுதேன்.

அடுத்த வாரம் எங்களைத் தரையில் மல்லாக்கப் படுக்க வைத்து, வயிற்றின் மேல் ஒரு தடித்த புத்தகத்தை வைத்தார். மூச்சை இழுக்கும்போது புத்தகம் மேலே எழ வேண்டும், தோள் அசையக் கூடாது. பேசும்போது புத்தகம் மெதுவாக இறங்க வேண்டும். எனக்கு முதலில் தோள்தான் ஏறியது. பயந்தவர்களுக்கு அப்படித்தான், மூச்சு மார்போடு நின்றுவிடும். புத்தகம் எழுந்து இறங்க மூன்று வாரம் ஆனது. ஊருக்கு வந்தபோது வீட்டுத் தரையில் படுத்துச் செய்து பார்த்தேன். அப்பத்தா பார்த்துவிட்டு, "பிள்ளைக்கு வயித்துவலியா?" என்று சுக்கு தட்டப் போய்விட்டார்.

விடுதியைப் பற்றி உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். அறைக்கு எட்டுப் பேர். ஒருத்தி நாகர்கோவில், ஒருத்தி கோபிச்செட்டிபாளையம், ஒருத்தி ராமநாதபுரம் கடற்கரை. ஒருத்தி பேசுவது இன்னொருத்திக்குப் பாதிதான் புரியும். அந்த நாட்களில் எனக்குத் துணையாக வந்தது நம் ஊர்த் திருவிழாவில் பார்த்த ஸ்பெஷல் நாடகம்.

இந்தப் பக்கத்துப் பிள்ளைகள் எல்லாரும் வள்ளி திருமணம் பார்த்திருப்பீர்கள். ராத்திரி பத்து மணிக்குத் தொடங்கி விடிகிற வரை நடக்கும். அதில் ஓர் அதிசயம் உண்டு. கதாநாயகன் வேஷம் போடும் ராஜபார்ட் புதுக்கோட்டையிலிருந்து வருவார், நாயகி வேஷம் போடும் ஸ்திரீபார்ட் மதுரையிலிருந்து வருவார், ஆர்மோனியக்காரர் வேறு ஊர், கோமாளியாக வரும் பபூன் வேறு ஊர். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பேசி வரவழைத்திருப்பார்கள். சேர்ந்து ஒத்திகை பார்த்திருக்க மாட்டார்கள். சில பேர் அன்றைக்குத்தான் முதன்முதலாக முகத்தையே பார்ப்பார்கள். ஆனாலும் நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் வரும்போது, ஒருவர் வீசும் சொல்லை இன்னொருவர் கீழே விழாமல் பிடிப்பார். ஒருவர் பாட்டை உயர்த்தினால் ஆர்மோனியம் கூடவே ஏறும்.

சங்கரதாஸ் சுவாமிகள் எழுதி வைத்த பாட்டும் வசனமும்தான் அவர்களுக்குப் பொதுச் சொத்து. 1922இல் மறைந்தவர் அவர். நூறு வருடம் கழித்தும் அந்தச் சொத்து செலவாகிக்கொண்டே இருக்கிறது, தீரவில்லை. ஆனால் பாட்டு தெரிந்தால் மட்டும் போதாது, எதிரில் நிற்பவர் என்ன சொல்கிறார் என்று காது கொடுக்க வேண்டும். நானும் என் அறைத் தோழிகள் பேசுவதை அப்படிக் கேட்க ஆரம்பித்தேன். நாகர்கோவில்காரி கோபமாகப் பேசுகிறாள் என்று ஒரு மாதம் ஒதுங்கியிருந்தேன். உற்றுக் கேட்டபோதுதான் அது கோபமில்லை, அவள் ஊர் ராகம் என்று புரிந்தது. இன்றைக்கும் என் பெண்ணுக்கு அவள்தான் பெரியம்மா.

நாடகம் என்றதும் அம்மா பயந்தார், அதையும் சொல்லிவிடுகிறேன். மேடையேறும் பெண்ணை ஊர் என்ன பேசும் என்பது அவருக்குத் தெரியும். நம் ஊர்க்காரர்கள் ஸ்திரீபார்ட் நடிகையின் பாட்டைக் கேட்க விடிய விடிய உட்காருவார்கள். அதே நடிகைக்கு வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்துவார்கள். இதை நினைத்தால் எனக்கு இன்றும் மனசு ஆறாது. 1918இல் மதுரையில் சுவாமிகள் நடத்திய பாலர் சபா என்ற சிறுவர் நாடகக் குழுவில் பெண் வேஷமெல்லாம் பையன்கள்தான் போட்டார்கள். மகளிர் கல்லூரியில் அது தலைகீழ். ராஜாவும் நாம், மந்திரியும் நாம், ஏணியில் ஏறி விளக்குக் கட்டுவதும் நாம். "பையன்களைக் கூப்பிடலாமா?" என்று கேட்க அங்கே யாரும் இல்லை. அந்தச் சுதந்திரம் எவ்வளவு பெரியது என்று வெளியே வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது.

ஆறு மணிக்கு விடுதிக் கதவைப் பூட்டிவிடுவார்கள். அதற்கு மேல் அரங்கில் ஒத்திகை பார்க்க அனுமதி கிடையாது. எழுதிக் கொடுத்தோம், கெஞ்சினோம், மறுத்துவிட்டார்கள். அப்புறம் மொட்டை மாடிக்குப் போனோம். சிலப்பதிகாரத்து அரங்கேற்று காதையில் மேடைக்கு அளவு இருக்கிறது, படித்திருப்பீர்கள். ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம். கோல் என்றால் 24 பெருவிரல். ஒரு சீனியர் அக்கா குனிந்து தன் பெருவிரலை மாற்றி மாற்றி வைத்து அளக்க, நாங்கள் சாக்பீஸால் கோடு போட்டோம். ஏறக்குறைய 11 அடி அகலம், 12 அடிக்கு மேல் நீளம் வந்தது. கொடியில் காய்ந்த சேலைதான் எழினி, அதாவது திரை. தூணின் நிழல் மேடையில் விழாதபடி விளக்கு வைக்க வேண்டும் என்று இளங்கோவடிகள் சொல்கிறார். எங்களுக்கு இருந்த ஒரே நிழல் தண்ணீர்த் தொட்டியின் நிழல். அது விழாத மூலையைத் தேடி இரண்டு நாள் கோட்டை அழித்து அழித்துப் போட்டோம். பாடப் புத்தகத்தில் பத்து மதிப்பெண் கேள்வியாக இருந்த அந்த வரிகள், அன்றைக்கு எங்கள் முட்டியில் சுண்ணாம்பாக ஒட்டிக்கொண்டன.

நாங்கள் எடுத்தது வழக்குரை காதை. எனக்கு வாயிலோன் வேஷம், அரண்மனை வாசல் காவலன். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு காலை அகட்டி நிற்கவே ஒரு வாரம் ஆனது. விடுமுறையில் காரைக்குடி பேருந்து நிலையத்தில் உட்கார்ந்து, ஆம்பளைகள் எப்படி நிற்கிறார்கள் என்று மணிக்கணக்காகப் பார்த்தேன். இடத்தை யாரிடமும் கேட்காமல் எடுத்துக்கொண்டு நின்றார்கள். எனக்கு வராமல் இருந்ததும் அதுதான்.

அரசனிடம் ஓடிவந்து, "கணவனை இழந்தாள் கடையகத் தாளே" என்று நான் சொல்ல வேண்டும். ஒத்திகையில் முழு மூச்சோடு முழங்கினேன். ஆசிரியை நிறுத்தினார். "நீ யார்?" என்றார். வாயிலோன் என்றேன். "அவளை வாசலில் பார்த்துவிட்டு வந்தவன் நீ ஒருவன்தான். ராஜா இன்னும் பார்க்கவில்லை, இங்கே இருக்கிற யாரும் பார்க்கவில்லை. பார்த்ததைச் சொல்." எனக்கு ஏனோ எங்கள் பின்வாசல் ஞாபகம் வந்தது. அங்கே வந்து நின்று, உள்ளே கூப்பிட மாட்டார்களா என்று காத்திருந்த எத்தனையோ பெண்களை நான் பார்த்திருக்கிறேன். மெதுவாகத்தான் சொன்னேன். கடைசி வரிசையிலிருந்து பதில் வந்தது: "வந்து சேர்ந்தது."

அதற்கப்புறம் புதுச்சேரிக்குப் போய் நாடகத்தையே முழுப் படிப்பாகப் படித்தேன். அதைப் பற்றிக் கேள்வி நேரத்தில் பேசலாம். அம்மா என் நாடகம் ஒன்றே ஒன்று பார்த்தார், முன்வரிசையில் உட்கார மாட்டேன் என்று பின்னால் நின்றே பார்த்தார். முடிந்ததும், "எனக்குக் கேட்டுச்சு" என்றார்.

சரி, நான் பேசியது போதும். இப்போது இறங்கிக் கடைசி வரிசைக்குப் போகிறேன், கண்ணை மூடிக்கொள்வேன். ஒவ்வொருவராக மேடைக்கு வந்து பேரும் ஊரும் சொல்லுங்கள். அவசரமில்லை, மணி அடிக்க இன்னும் நேரம் இருக்கிறது. தூணோரம் பச்சைத் துப்பட்டா போட்ட தங்கச்சி, நீங்கள் முதலில் வாங்க.