மாலை எடை

அனைவருக்கும் வணக்கம்.

நான் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வெள்ளிக் கொலுசுப் பட்டறையில் வளர்ந்தவன். ஒரு ஜோடிக் கொலுசு ஒரே கையில் முடிவதில்லை. உருக்குபவர், கம்பி இழுப்பவர், கண்ணி கோப்பவர், பற்றவைப்பவர், மெருகு போடுபவர் என்று கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு கைக்கும் நிறுத்துத்தான் கொடுப்போம், நிறுத்துத்தான் வாங்குவோம். "நம்பிக்கை இருந்தா தராசு எதுக்கு?" என்று வெளியூர்க்காரர்கள் கேட்பதுண்டு. தராசு இருந்ததால்தான் எங்களுக்குள் நம்பிக்கை நின்றது. எடை இருவர் கண்ணுக்கும் தெரிந்துவிட்டால் சந்தேகத்துக்கு வேலையில்லை.

எடையில் தெரியாத தவறுகள்தான் சிக்கல். வெள்ளி 961 டிகிரியில் உருகும். பற்றவைக்கும் பொடி அதற்கு முன்பே இளகி ஓடிவிட வேண்டும். நெருப்பைக் கொஞ்சம் கூடுதலாகக் காட்டினால் கண்ணியே உருகிவிடும். பத்தொன்பது வயதில் எனக்கு அப்படித்தான் ஆனது. இரண்டு கண்ணிகள் ஒட்டிக்கொண்டன. லேசாக நெம்பிப் பிரித்து, சொல்லாமல் மெருகுக்கு அனுப்பிவிட்டேன். அந்தக் கொலுசு அறுந்து கடையிலிருந்து திரும்பி வந்தது. மெருகு போட்ட அக்காவைக் கேட்டார்கள். கோத்த பையனைக் கேட்டார்கள். ஒரு வாரம் பட்டறையில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை.

கடைசியில் பெரியப்பாவிடம் போய்ச் சொன்னேன்.

"ஏன் கண்ணு அன்னைக்கே சொல்லல?"

"திட்டுவீங்கன்னு பயம் பெரியப்பா."

அவர் பதில் பேசவில்லை. மறுநாள் மாலை எடை போடும்போது, "இன்னைக்கு நான் உருக்குனதுல செம்பு கூடிப்போச்சு, வெள்ளி சேர்த்து மறுபடி உருக்கணும்" என்று எல்லார் காதுபடச் சொன்னார். அடுத்த நாளும் தன் பிழை ஒன்றைச் சொன்னார். மூன்றாம் நாள் அந்த அக்கா தானாக வாய் திறந்தார்.

ஹார்வர்டு பேராசிரியர் எமி எட்மண்ட்சன் 1990-களில் மருத்துவமனைகளில் மருந்து கொடுப்பதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். ஒற்றுமையாக வேலை செய்யும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். அங்கேதான் அதிகம் பதிவாகியிருந்தது! அவர்கள் தவறை ஒளிக்காமல் பேசியதுதான் காரணம் என்பது பிறகு அவருக்குப் புரிந்தது. அதைப் படித்தபோது பெரியப்பா நினைவுதான் எனக்கு வந்தது.

இங்கே சூப்பர்வைசர்கள் நிறையப் பேர் இருக்கிறீர்கள். குறையே இல்லாத பதிவேடு கைக்கு வந்தால் சந்தோஷப்படாதீர்கள், விசாரியுங்கள். அலட்சியத்தால் ஒரே தவறைத் திரும்பத் திரும்பச் செய்பவரைக் கண்டிக்கத்தான் வேண்டும். அதைத் தனியாக அழைத்துச் செய்யுங்கள்.

இப்போது பட்டறை என் பொறுப்பில். மாலை எடையில் நான்தான் முதலில் பேசுவேன். போன வாரம் ஆர்டர் சீட்டில் பத்தரை அங்குலத்தை ஒன்பதரை என்று எழுதிவிட்டேன். பன்னிரண்டு ஜோடி வீணாயிற்று. அதைச் சொன்னதும், சேர்ந்து ஐந்து மாதமே ஆன பையன், "எனக்கு அன்னைக்கே சந்தேகம்ணா, கேக்கலாமான்னு தெரியல" என்றான். மறுநாளிலிருந்து ஒவ்வொரு சீட்டும் அவன் பார்த்த பிறகுதான் கம்பிக்குப் போகிறது.