ஒற்றைப் புரதத்தால் ஆகாத வேலை

வணக்கம் நேயர்களே. கொரோனா என்றதும் முள் புரதம்தான் எல்லோர் நினைவுக்கும் வருகிறது. செல்லுக்குள் புகுந்த பிறகு வைரஸ் பெருகுவது வேறு சில புரதங்களின் கூட்டால். அந்தக் கூட்டைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன்.

கோவிட் நோயைத் தரும் சார்ஸ்-கோவ்-2 வைரஸின் மரபுப் பொருளான ஆர்என்ஏ ஏறத்தாழ 30,000 எழுத்து நீளம். அதை நகலெடுக்கும் நொதியான பாலிமரேஸின் பெயர் என்எஸ்பி-12. வைரஸின் உடலமைப்பில் சேராமல், செல்லுக்குள் வேலை பார்க்கும் புரதங்களைத்தான் என்எஸ்பி என்று எண் போட்டு அழைக்கிறார்கள். இதை மட்டும் பிரித்தெடுத்துச் சோதனைக் குழாயில் ஆர்என்ஏவுடன் விட்டால் அநேகமாக ஒன்றும் நடக்காது. ஒரு என்எஸ்பி-7, இரண்டு என்எஸ்பி-8 வந்து ஒட்டிய பிறகுதான் வேலை சூடுபிடிக்கும். காரணம், 2020-இல் வெளியான கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படங்களில் (புரதங்களை உறைய வைத்து எடுப்பவை) தெளிவாகத் தெரிந்தது. இரண்டு என்எஸ்பி-8-களும் தங்கள் நீண்ட சுருள் பகுதிகளை நீட்டி, வெளியே வரும் இரட்டை இழை ஆர்என்ஏவை இருபுறமும் தாங்குகின்றன. அந்தப் பிடி தளர்ந்தால் பாலிமரேஸ் நடுவழியில் கழன்றுவிடும்.

இந்தத் துணைப் புரதங்களுக்குத் தட்டுப்பாடு வராதபடி வைரஸ் செய்திருக்கும் ஏற்பாடு என்னை இன்றும் வியக்க வைக்கிறது. 7 முதல் 10 வரையுள்ள புரதங்கள் மரபுச் செய்தியின் முற்பகுதியில் இருக்கின்றன. 12 முதல் 16 வரை உருவாக வேண்டுமானால், செய்தியைப் படித்துப் புரதம் கட்டும் ரைபோசோம் ஓர் எழுத்து பின்னால் சறுக்கியாக வேண்டும்; இல்லையென்றால் முற்பகுதியோடு நின்றுவிடும். எல்லா ரைபோசோமும் சறுக்குவதில்லை. ஆகவே துணைகள் எப்போதும் பாலிமரேஸைவிடக் கூடுதலாகவே இருக்கும்.

முதலில் இவை எல்லாம் ஒரே நீளச் சங்கிலியாகத்தான் உருவாகின்றன. என்எஸ்பி-5 என்ற கத்தரி 11 இடங்களில் வெட்டுகிறது. அதுவும் தனியாக வெட்டாது, இரண்டு பிரதிகள் ஜோடி சேர வேண்டும். கோவிட் மருந்தான நிர்மட்ரெல்விர் மாத்திரை முடக்குவது இந்தக் கத்தரியைத்தான்.

நகலில் தவறான எழுத்தை வெட்டிப் பிழை திருத்தும் என்எஸ்பி-14-க்கு என்எஸ்பி-10 துணை. பழைய சார்ஸ் வைரஸில் இந்தத் துணையால் அதன் வெட்டும் திறன் 35 மடங்குக்கு மேல் கூடியது. ஆர்என்ஏவின் முனை மூடியைச் செப்பனிடும் என்எஸ்பி-16-க்கும் இதே என்எஸ்பி-10 தேவை. பிடிக்கும் பரப்பு இரண்டுக்கும் பெரும்பாலும் ஒன்றே.

ஆய்வகத்தில் இந்த உறவுகளைச் சோதிக்க, ஒரு புரதத்தில் அடையாள வால் சேர்த்து, அந்த வாலைப் பற்றும் நுண்ணிய மணிகளால் பிடித்திழுத்து, கூடவே எது வருகிறது என்று பார்ப்பார்கள். இங்கே ஏமாற நிறைய வாய்ப்பு உண்டு. இரண்டு புரதங்களும் ஒரே ஆர்என்ஏ துண்டைப் பற்றியிருந்தால், நேரடியாகத் தொடாமலே சேர்ந்து வரும். ஆர்என்ஏவை நொதியால் சிதைத்துவிட்டு மீண்டும் இழுத்துப் பார்த்தால்தான் உண்மை தெரியும். வாலை எந்த முனையில் வைக்கிறோம் என்பதும் முக்கியம். என்எஸ்பி-9-இன் முதல் அமினோ அமிலத்தின் மீதுதான் என்எஸ்பி-12 ஒரு நியூக்ளியோடைடை, அதாவது ஆர்என்ஏவின் ஓர் எழுத்தை, ஏற்றுகிறது. அந்த முனையில் கூடுதலாக ஏதாவது ஒட்டியிருந்தால் ஏற்றம் நடக்காது. வாலை வெட்டி நீக்கி, இயல்பான முனையோடு சோதித்த பிறகே முடிவு எழுத வேண்டும்.