ஹென்டர்ஸ்கெல்ஃப்: பெயராய் மிஞ்சிய கோட்டை

தலைமை ஏற்றிருக்கும் வாசகர் வட்டத் தலைவர் அவர்களே, மேடையை அணிசெய்யும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் பெருமக்களே, ஒலிபெருக்கியை மூன்று முறை சரிசெய்துவிட்டு இன்னும் அதன் பக்கத்திலேயே நிற்கும் தம்பியே, அனைவருக்கும் வணக்கம். தலைவர் என்னை அறிமுகப்படுத்திய நேரத்தில் ஒரு கோட்டையையே கட்டியிருக்கலாம். அந்த அன்புக்கு நன்றி.

'யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன்' என்பார்கள். இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் இறந்துபோன ஒரு யானையைப் பற்றித்தான் இன்று பேசப்போகிறேன். கோட்டை, மாளிகை, ஊர் என்று மூன்றையும் வரிசையாகச் சொல்வதாக எண்ணம்.

ஹென்டர்ஸ்கெல்ஃப் என்னும் இடைக்காலக் கோட்டை 1693இல் தீக்கிரையானது. அந்த இடத்தில் மாளிகை எழுப்ப விரும்பிய மூன்றாம் கார்லைல் பிரபு சார்ல்ஸ் ஹோவர்ட், முதலில் வில்லியம் டால்மன் என்ற பெயர்பெற்ற கட்டடக் கலைஞரை அழைத்தார். அவரோடு ஒத்துவராமல் போகவே, 1699இல் அந்தப் பொறுப்பை யாரிடம் ஒப்படைத்தார் தெரியுமா? ஜான் வான்ப்ரூ என்ற நாடக ஆசிரியரிடம்! அதுவரை அவர் ஒரு கட்டடம்கூடக் கட்டியதில்லை. இளமையில் பிரெஞ்சுக்காரர்கள் அவரைப் பிடித்துச் சில ஆண்டுகள் சிறைவைத்து, கடைசியில் பாரிஸின் பாஸ்தீல் சிறைக் கோட்டையிலும் அடைத்திருந்தார்கள் என்பதால், கோட்டையை உள்ளிருந்து பார்த்த அனுபவம் மட்டும் அவருக்கு இருந்தது. யோசனையும் படிப்பும் இல்லாமலே கட்டடக் கலைக்குத் தாவியவர் என்று எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கவிதையிலேயே அவரை எள்ளினார். தொழில் அறிந்த நிக்கலஸ் ஹாக்ஸ்மூர் துணை நின்றதால் கட்டடம் எழுந்தது. ஆனால் வான்ப்ரூ 1726இல் மறைந்தபோதும் மேற்குப் பகுதி எழவில்லை; பின்னால் வந்தவர் வேறு பாணியில் கட்டியதால், மாளிகையின் இரு பக்கப் பகுதிகளும் இன்றுவரை ஒன்றுக்கொன்று பொருந்தவில்லை.

மாளிகைக்கு வைத்த பெயரோ 'காசில் ஹோவர்ட்', அதாவது 'ஹோவர்ட் கோட்டை'. கோட்டை போன பிறகும் 'கோட்டை' என்ற சொல்லை விட்டுவிடப் பிரபுவுக்கு மனம் வரவில்லை. இறந்தாலும் ஆயிரம் பொன்!

கோட்டையை ஒட்டியிருந்த ஊரையும் பூங்காவுக்காக அகற்றிவிட்டார்கள். பழைய ஊர்த்தெருவின் தடத்தில் இன்று புல் படர்ந்த நடைபாதை ஓடுகிறது. ஹென்டர்ஸ்கெல்ஃப் என்பது இப்போது ஒரு நிர்வாக எல்லையின் பெயராக மட்டும் இருக்கிறது. இறந்த ஊருக்கு எந்தப் பிரபு பொன் கொடுத்தார்?

இதனால்தான் நான் ஏறும் மேடைதோறும் ஊர்ப்பெயர்ப் பதிவேடு வேண்டும் என்று கேட்டு வருகிறேன். கோட்டைச் சுவர்களைப் பற்றிய குறிப்புகள் இன்னும் கையில் இருக்கின்றன. ஆனால் தலைவரின் கை மணியை நோக்கி நகர்வதைப் பார்க்கிறேன். வாசலருகே மேசையில், நான்கு பத்தி கோடிட்ட நோட்டு ஒன்றைப் பேனா கட்டி வைத்திருக்கிறேன்: பெயர், இடம், சொன்னவர், ஆண்டு. முதல் வரியைத் தலைவர் அவர்களே எழுதித் தொடங்கிவைக்க வேண்டுகிறேன்.