பூங்காவனத்தன்று வாங்கலாம்

வணக்கம். யாழ்ப்பாணத்து நல்லூரிலிருந்து பேசுகிறேன். காலை ஏழு மணிகூட ஆகவில்லை. அதனால்தான் என் குரல் உங்களுக்குத் தெளிவாகக் கேட்கிறது. இன்னும் இரண்டு மணித்தியாலம் போனால் இந்த இடத்தில் நின்று பேசவும் முடியாது, நிற்கவும் முடியாது. எனக்குப் பின்னால் தெரிவது கந்தசுவாமி கோயிலின் தெற்குப் பக்கத்து ஒன்பது நிலைச் சண்முக இராஜகோபுரம். அது 2011இல் எழுந்தது. ஆகையால் இன்று நான் சொல்லப்போகும் கதைகளில் அதற்கு இடமில்லை. இந்த மணலுக்கும், இன்னும் தார்ப்பாய் விலக்காத அந்தக் கடைகளுக்கும்தான் இடமுண்டு.

இன்று பத்தாம் திருவிழா, மாலையில் மஞ்சம், அதாவது முருகன் மஞ்சத்தில் வீதியுலா வருவது. திருவிழாவைப் பற்றிய காணொளிகள் ஏராளமாக வந்துவிட்டன. தேரையும் காவடியையும் என்னைவிட நன்றாகப் படம் பிடிப்பவர்கள் இருக்கிறார்கள். நான் பேச வந்தது கடைவீதியைப் பற்றி. சிறுவனாக இருந்தபோது எனக்கு நல்லூர்த் திருவிழா என்றால் முதலில் கடைகள்தான், பிறகுதான் முருகன். இதைச் சொல்வதற்கு எனக்குக் கூச்சமில்லை. என் வயதில் இங்கே வளர்ந்த யாரைக் கேட்டாலும், அம்மா பக்கத்தில் இல்லாவிட்டால், இதையேதான் சொல்வார்கள்.

வெளியூரில் இருந்து பார்ப்பவர்களுக்கு ஒன்றை விளக்க வேண்டும். ஆடி அமாவாசைக்குப் பின் ஆறாம் நாள் கொடியேறினால், இருபத்தைந்தாம் நாளான ஆவணி அமாவாசையில் தீர்த்தம், மறுநாள் பூங்காவனம், அதற்கடுத்த நாள் வைரவர் சாந்தி. ஏறத்தாழ நான்கு கிழமை. என் சிறுவயதில் அது பாடசாலையின் இரண்டாம் தவணை விடுமுறையோடு பொருந்தி வந்தது. ஒரு நாள் விழாவுக்குப் போகும் பிள்ளை கண்டதைக் கேட்டு அழும், கிடைத்தால் கிடைத்தது, இல்லாவிட்டால் அடுத்த வருடம். நான்கு கிழமை நீளும் விழாவில் பிள்ளை திட்டம் போடும். எந்தக் கடையில் எது இருக்கிறது, நேற்றைக்கு என்ன விலை, இன்றைக்கு என்ன விலை, எத்தனை மிச்சம் என்பதெல்லாம் கோயில் வீதியிலும் பருத்தித்துறை வீதியிலும் நடந்து நடந்து எங்களுக்கு மனப்பாடமாகியிருந்தது. வாய்ப்பாட்டை அப்படிப் படித்திருந்தால் அப்பாவுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும்.

நான் சொல்வது 2002 முதல் 2006 வரையான காலம். அரசுக்கும் புலிகளுக்கும் போர்நிறுத்த உடன்படிக்கை வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி திறந்து, தெற்கிலிருந்து லொறிகளில் பொருளும் வியாபாரிகளும் வந்துகொண்டிருந்த காலம். எங்கள் வீட்டில் திருவிழாவுக்கென்று ஒரு சட்டம் இருந்தது. சைக்கிளைக் கோயிலுக்கு அண்மையில் ஏதாவது ஒரு வீட்டு வளவில் காசு கொடுத்து நிறுத்த வேண்டும். இலக்கம் எழுதிய மட்டைத் துண்டில் ஒரு பாதியைச் சைக்கிளில் கட்டிவிட்டு மறுபாதியை அப்பாவிடம் தருவார்கள். அங்கிருந்து நேரே கோயில். போகும் வழியில் கடைகளைத் திரும்பிப் பார்க்கலாம், நிற்கக் கூடாது. கும்பிட்டு வெளியே வந்த பின்னர்தான் அம்மா தன் கைப்பையைத் திறந்து எனக்கு இருபது ரூபாவும் அக்காவுக்கு இருபது ரூபாவும் தருவார். உள்ளே அர்ச்சனைச் சீட்டு ஒரு ரூபா. அந்த ஒரு ரூபாவில் முருகனுக்கு நடக்கிற காரியத்தையும் வெளியே இருபது ரூபாவில் எனக்கு நடக்காத காரியங்களையும் ஒப்பிட்டு நான் ஒருமுறை அம்மாவிடம் முறையிட்டு, தலையில் ஒரு குட்டு வாங்கியது நினைவிருக்கிறது.

இருபது ரூபாவில் பாதி கச்சானுக்குப் போய்விடும். இந்தியாவில் இருந்து பார்ப்பவர்கள் நிலக்கடலை என்று சொல்வதைத்தான் நாங்கள் கச்சான் என்கிறோம். எங்களுக்குக் கடலை என்றால் அது வேறு. கச்சான்காரிகள் வரிசையாக இருப்பார்கள், பெரும்பாலும் வயதான பெண்கள். சூடான மணலில் கோதோடு வறுத்த கச்சான் முன்னால் குவிந்திருக்கும். சுண்டு என்கிற அளவைப் பேணியால் அளந்து, பழைய அப்பியாசக் கொப்பியின் தாளில் சுற்றிய சரையில் போட்டு, மேலே ஒரு கையளவு அள்ளித் தூவுவார்கள். அந்தக் கையளவில்தான் வியாபாரமே இருக்கிறது. யார் அதிகம் தூவுவார் என்பது எங்களுக்குத் தெரியும், நாங்கள் அவரிடந்தான் போவோம் என்பது அவருக்கும் தெரியும். கச்சானைத் தின்று முடித்த பிறகு அக்கா சரையைப் பிரித்து, யாரோ ஒரு பிள்ளை செய்த கணக்கைச் சரிபார்ப்பாள். பிழை கண்டால் அவளுக்கு அன்று முழுவதும் சந்தோஷம். கடைசியாக வாயில் போடுகிற கச்சான் கசந்துவிட்டால் இன்னொரு சரை வாங்கியே ஆக வேண்டும் என்று நான் வாதாடுவேன், அது பலித்ததே கிடையாது.

தும்பு முட்டாஸ், அதாவது பஞ்சு மிட்டாய், எனக்குப் பிடிக்காது. வாயில் வைத்தவுடன் இல்லாமற் போகிற பொருளுக்குக் காசு கொடுப்பது மோசடி என்பதே என் கருத்து, இன்றும் அதுதான். ஐஸ்கிறீம் அப்பாவின் கணக்கு, வெள்ளிக்கிழமைகளில் மட்டும். தாகத்துக்குத் தண்ணீர்ப் பந்தல்கள் இருந்தன. மோரும் சர்க்கரைத் தண்ணீரும் தேசிக்காய்த் தண்ணீரும் எவ்வளவு குடித்தாலும் காசில்லை. சோளகக் காற்று மணலை அள்ளி முகத்தில் வீசுகிற அந்த வெயிலில், ஒரே பந்தலில் மூன்று தடவை, முகத்தை வேறு வேறு மாதிரி வைத்துக்கொண்டு போய்க் குடித்திருக்கிறோம்.

விளையாட்டுப் பொருள்களில் மலிவானது அம்மம்மாக் குழல். நிறத்தாள் சுற்றிய ஊதுகுழல், ஊதினால் பக்கத்து வீட்டு நாய் எழும்பும். அதற்கு ஏன் அந்தப் பெயர் என்று அக்காவிடம் கேட்டபோது, அம்மம்மாவிடம் கேட்டால் மட்டுமே வாங்கித் தருவார், அதனால்தான் என்றாள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அது முழு உண்மை. வாங்கித் தந்த அம்மம்மாவே இரண்டாம் நாள் அதைப் பரணில் ஒளித்து வைத்துவிட்டுக் காகம் கொண்டு போய்விட்டது என்பார். மாமாவின் சிறுவயது இன்னும் வேறு. 1990இல் யாழ்ப்பாணத்துக்கு மின்சாரம் நின்று, பற்றரிக்கும் பெற்றோலுக்கும் தடை வந்து, மண்ணெண்ணெயைக்கூடச் சொட்டுச் சொட்டாகச் செலவழித்த பொருளாதாரத் தடைக் காலத்தில் அவர் வளர்ந்தவர். வீட்டில் ஜாம் போத்தல் விளக்கு, விளையாட நுங்குக் கோம்பையில் செய்த வண்டி. எனக்குக் கிடைத்த பிளாஸ்டிக் கார்களைக் கையில் எடுத்து, சில்லை ஒருமுறை சுழற்றிப் பார்த்து, ஒன்றும் சொல்லாமல் திருப்பித் தருவார்.

2003ஆம் ஆண்டுத் திருவிழாவில் நான் தொலைந்து போனேன். எனக்கு எட்டு வயது. உண்மையில் நான் தொலையவில்லை, ஒரு கடையின் முன்னால் அசையாமல் நின்றேன். மற்றவர்கள்தான் நடந்து போய்விட்டார்கள். தொண்டர் ஒருவர் என்னைக் கூட்டிக்கொண்டு போய் அறிவிப்புக் கொட்டகையில் ஒரு வாங்கில் இருத்தினார். அங்கே ஏற்கெனவே நான்கு பிள்ளைகள் இருந்தார்கள், எல்லோரும் அழுதார்கள். நான் வெட்கத்தில் அழவில்லை. ஒலிபெருக்கியில் என்னைப் பற்றிச் சொன்ன அடையாளம் இதுதான்: வெள்ளை வேட்டி, மேற்சட்டை இல்லை, நெற்றியில் திருநீறு. நல்லூரில் ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டே உள்ளே போக வேண்டும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த நேரத்தில் அந்த வீதியில் வெள்ளை வேட்டியோடும் திருநீற்றோடும் மேற்சட்டையில்லாமல் நின்ற சிறுவர்கள் சில நூறு பேராவது இருந்திருப்பார்கள். மூன்று தாய்மார் ஓடி வந்து என் முகத்தைப் பார்த்து ஏமாந்து திரும்பினார்கள். நாலாவதாகத்தான் என் அம்மா வந்தார்.

நான் அசையாமல் நின்ற அந்தக் கடைக்கு இப்போது வருகிறேன். அது ஒரு தகரப் படகுக் கடை. வாயகன்ற பேசின் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உள்ளங்கை அளவான படகொன்றைக் கடைக்காரர் ஓட விட்டிருந்தார். பற்றரி இல்லை, முறுக்குகிற சாவி இல்லை. படகின் வயிற்றில் ஒரு சின்னத் தகரப் பெட்டி, அதிலிருந்து பின்பக்கம் தண்ணீருக்குள் போகும் இரண்டு மெல்லிய குழாய்கள், பெட்டியின் கீழே ஒரு திரி விளக்கு, அவ்வளவுதான். முதலில் குழாய்களில் தண்ணீரை நிரப்பிவிட்டுத் திரியைக் கொளுத்த வேண்டும். பெட்டிக்குள் இருக்கும் தண்ணீர் ஆவியாகிக் குழாயிலுள்ள நீரைப் பின்னால் தள்ளும், படகு முன்னே போகும். ஆவி குளிர்ந்து சுருங்கியதும் குழாய் மறுபடி தண்ணீரை உறிஞ்சும். உறிஞ்சும்போது படகு ஏன் பின்னே போவதில்லை என்பது என்னைப் பல வருடங்கள் வாட்டிய கேள்வி. வெளியே தள்ளும்போது நீர் ஒரே திசையில் பாய்கிறது, உள்ளே இழுக்கும்போதோ நாலா பக்கத்திலிருந்தும் வருகிறது, அதனால் பின்னிழுப்பு மிகச் சிறிதாகிவிடுகிறது என்பதை உயர்தரம் படிக்கும்போதுதான் விளங்கிக்கொண்டேன். பெட்டியின் மேல் தகடு ஒவ்வொரு முறையும் உள்ளும் புறமும் வளைந்து டக் டக் டக் என்று அடிக்கும். பெரிய மீன்பிடி வள்ளத்தின் சத்தத்தைக் குட்டியாக்கிப் பேசினில் போட்டது போல இருக்கும்.

நடுவில் ஒரு வருடம் நகரத்துக்கு ஒரு கார்னிவேல் வந்தது. அப்பா மரணக் கிணற்றுக்குக் கூட்டிப் போனார். பலகைகளை நட்டு வைத்த வட்டச் சுவரின் உச்சியில் நாங்கள் நின்று கீழே பார்க்க, ஒருவர் மோட்டார் சைக்கிளில் அடியிலிருந்து சுற்றிச் சுற்றி வேகம் பிடித்துச் சுவரில் ஏறினார். வேகம் கூடக் கூடச் சில்லு சுவரை இன்னும் இறுக்கமாக அழுத்துகிறது, அந்த அழுத்தம் தரும் உராய்வுதான் அவரை விழாமல் தாங்குகிறது. இதுவும் பின்னாளில் படித்ததுதான். அன்று பலகை அதிர்ந்ததில் என் பல்லும் அதிர்ந்தது. ஆனால் நுழைவுச்சீட்டு வாங்கி, பத்து நிமிடம் பார்த்து, வெளியே வந்ததும் அது முடிந்துவிட்டது. படகு முடியவில்லை.

படகின் விலை நூற்றைம்பது ரூபா. இருபது ரூபாவை நான் தொடாமல் சேர்த்தால் எட்டு நாளில் வாங்கலாம். கச்சானைத் தொடாமல் எட்டு நாள் இருப்பது என்னால் நடக்கவில்லை. 2003இலும் நடக்கவில்லை, 2004இலும் நடக்கவில்லை. 2005இல் ஒன்பதாம் நாள் வரை கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து, அன்றைக்கு அக்காவின் காப்புக்குக் கடன் கொடுத்து ஏமாந்தேன். அவள் இந்தக் காணொளியைப் பார்ப்பாள் என்று தெரிந்தே சொல்கிறேன். 2006இல் எனக்குப் பதினொரு வயது, பேரம் பேசத் துணிவு வந்திருந்தது. நூறு ரூபாவுக்குத் தருவீர்களா என்று கேட்டேன். கடைக்காரர் தெற்கிலிருந்து வந்தவர், அவருடைய தமிழ் சிங்களச் சாயலில் இருக்கும். சிரித்துவிட்டு, "தம்பி, பூங்காவனம் அன்றைக்கு வாங்க, நூறுக்குத் தாறன்" என்றார். தீர்த்தம் முடிந்தால் கூட்டம் கரைந்துவிடும், திரும்ப ஏற்றிக்கொண்டு போவதைவிடக் குறைத்து விற்பதே இலாபம் என்பது எல்லாக் கடைக்காரருக்கும் தெரிந்த கணக்கு. என் கையில் எழுபது ரூபா இருந்தது. பூங்காவனத்துக்கு இரண்டு கிழமைக்கு மேல் இருந்தது. முதல் தடவையாக என் திட்டம் பிசக வழியே இல்லாமல் இருந்தது.

மஞ்சம் முடிந்து சில நாட்களில், ஆகஸ்ட் 11, வெள்ளிக்கிழமை, இராணுவமும் புலிகளும் எதிரெதிரே நின்ற முகமாலையில் சண்டை தொடங்கியது. ஊரடங்கு வந்தது, ஏ9 மூடியது. நாங்கள் அந்த வருடம் அதற்குப் பிறகு கோயிலுக்குப் போகவில்லை. ஷெல் சத்தம் கேட்கும்போது அம்மம்மா கந்தசஷ்டி கவசம் படிப்பார். நான் எழுபது ரூபாவைப் பென்சில் பெட்டியில் வைத்துக்கொண்டு பூங்காவனத்துக்கு எத்தனை நாள் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். அரிசியும் சீனியும் விலையேறிய செப்டெம்பரில் அம்மா அந்த எழுபது ரூபாவையும் கேட்டு வாங்கினார். யாழ்ப்பாணத்துக்குள் அகப்பட்ட வெளியூர்க்காரர்கள் ஊர் திரும்பக் கப்பலுக்குக் காத்துக் கிடந்தார்கள். அந்தக் கடைக்காரர் அவர்களில் ஒருவராக இருந்தாரா, படகுகளை என்ன செய்தார், எப்படி வீடு போய்ச் சேர்ந்தார் என்று அப்போது நான் ஒருமுறைகூட யோசிக்கவில்லை. படகைப் பற்றி மட்டுமே யோசித்தேன்.

இந்த வருடம் கொடியேறிய நாளிலிருந்து கடைவீதியை நாலு தடவை முழுதாகச் சுற்றிவிட்டேன். முத்திரைச்சந்திச் சங்கிலியன் சிலைப் பக்கத்திலிருந்து செட்டித்தெரு வரைக்கும் பார்த்தாயிற்று. தண்ணீர்த் துப்பாக்கி இருக்கிறது, விளக்கெரியும் சப்பாத்து இருக்கிறது, அம்மம்மாக் குழல்கூட இருக்கிறது. படகு என்று கேட்டால் பற்றரி போட்ட பிளாஸ்டிக் படகை எடுத்து நீட்டுகிறார்கள். எனக்கு வேண்டியது விளக்கு வைத்து ஓட்டுவது என்று நேற்று ஒருவரிடம் விளக்கிக்கொண்டிருந்தேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஓடினால் சரிதானே அண்ணை" என்றார். அதற்கு என்னிடம் பதில் இருக்கவில்லை.

அக்காவும் அவளுடைய மகளும் இன்று மத்தியானம் வருகிறார்கள். மருமகளுக்கு ஏழு வயது. அவளுக்கென்று ஐந்நூறு ரூபா எடுத்து வைத்திருக்கிறேன்; கும்பிட்டு வந்த பிறகுதான் கொடுப்பேன், சட்டம் சட்டந்தான். அவள் அதை என்ன செய்கிறாள் என்பதை, அவள் சம்மதித்தால், அடுத்த காணொளியில் காட்டுகிறேன். இப்போது கடைகளில் தார்ப்பாய் எடுக்கத் தொடங்கிவிட்டார்கள், ஒலிபெருக்கியிலும் பேச்சுக் கேட்கிறது, இனி என் குரல் உங்களுக்கு எட்டாது. சைக்கிளை விட்ட வீட்டுக்காரரின் மட்டைத் துண்டு எந்தப் பையில் இருக்கிறது என்று பார்க்க வேண்டும். போய்வருகிறேன்.